ஜுரம் யார் குற்றம்?

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதற்கும் ஒரு காரணம் வைத்தே தீருவான். கதாநாயகன் ஊரைவிட்டுப் போனால் அதற்கு ஒரு காரணம். கதாநாயகிக்குப் புத்தி பேதலித்தால் அதற்கு இரண்டு காரணம். நானும் என் நாவல்களில் மூன்று பேரைப் பைத்தியமாக்கியிருக்கிறேன். ஒருத்திக்குக் காதல் தோல்வி, ஒருவருக்குக் கடன், மூன்றாமவர் தம்பியின் சொத்தை ஏமாற்றி எழுதி வாங்கியவர், மனச்சாட்சி உறுத்தியே சித்தம் கலங்கிப் போனார். அந்த மூன்றாவது நாவலுக்குத்தான் நிறையக் கடிதங்கள் வந்தன. "நல்ல தண்டனை கொடுத்தீர்கள்" என்று ஒரு பள்ளி ஆசிரியர் பாராட்டியிருந்தார். அந்தக் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் வந்தது ஓர் அக்காவால். என் பால்ய சிநேகிதனின் தமக்கை. சிறு வயதிலிருந்தே எனக்கும் அக்காதான். கும்பகோணத்தில் இருக்கிறாள். ஒரே பையன். அவனுக்கு இருபத்தொரு வயது, கல்லூரியில் கடைசி வருஷம். ஒரு நாள் திடீரென்று தூக்கத்தை விட்டான். தூக்கம் வராமல் தவித்தான் என்று நினைக்காதீர்கள்; அவனுக்குத் தூக்கம் வேண்டியிருக்கவே இல்லை. மூன்று இரவு பாடினான், பேசினான், நோட்டுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகத் திட்டங்கள் எழுதினான். கடைத் தெருவுக்குப் போய்ப் பதினொரு சுவர்க் கடிகாரங்கள் வாங்கி வந்து தெருவில் வீட்டுக்கொன்றாகக் கொடுத்தான். எல்லார் வீட்டிலும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டுமாம். தெருவே சிரித்தது. தகப்பனாரின் மோட்டார் சைக்கிளை பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரருக்குத் தானம் செய்தபோது சிரிப்பு நின்றது. அதற்கப்புறம் மூன்று மாசம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். குளிக்க வா என்று கூப்பிட்டால் கண்ணில் நீர் வரும், எழுந்திருக்க மாட்டான்.

டாக்டர் இதற்கு இருதுருவ மனநோய் என்று பெயர் சொன்னார். பைபோலார் என்ற ஆங்கிலப் பெயரின் தமிழாக்கம். மனம் ஒரு துருவத்தில் கொதிக்கிறது, மறு துருவத்தில் உறைகிறது என்று பொருளாம். துருவம் இரண்டுமே பனிப் பிரதேசமாயிற்றே, பெயர் பொருந்தவில்லையே என்று எனக்கு ஒரு குறை. 1850களில் பாரிஸில் பால்ரே என்ற டாக்டர் இதைச் சுழல் பைத்தியம் என்று அழைத்தார். சக்கரத்தில் கட்டப்பட்டவன் படும் பாடு அந்தப் பெயரில் தெரிகிறது. உலகத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு வருகிற நோய்; நம் தெருவிலும் இருக்கும், நமக்குச் சொல்ல மாட்டார்கள்.

நோயின் பெயரைக் கேட்டதும் அக்கா அழவில்லை. காரணம் தேட ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருஷமாகத் தேடினாள். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது கிரகணத்தன்று அரிவாள்மணையில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிவிட்டாளாம். பையனுக்கு முடியிறக்கிய வருஷம் குலதெய்வத்துக்குப் படையல் போடாமல் விட்டுப் போயிற்றாம். இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று வைத்திருந்தாள். நோய் வருவதற்கு முதல் வாரம், பரீட்சையில் ஒரு பாடம் தவறியதற்காகப் பையனை வாசலில் நிற்க வைத்து நாலு பேர் கேட்கத் திட்டியிருக்கிறாள். "என் வாயாலதான் போச்சு, தம்பி" என்பாள். கணவர் வீட்டார் தங்கள் பங்குக்கு இன்னொன்று வைத்திருந்தார்கள். அக்காவின் தாய்மாமன் ஒருவர் வாலிபத்தில் ஊரைவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. "அந்த வழி ரத்தம்" என்று கல்யாண வீடுகளில் அவள் காதுபடவே பேசுவார்கள்.

அவளுக்கு ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் என்று நான் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. நான் காதலிலும் கடனிலும் தேடிய காரணத்தை இப்போது ஆராய்ச்சிக்காரர்கள் ஜுரத்திலும் தொற்றிலும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

யோசித்தால் இது அவ்வளவு விநோதமில்லை. ஃப்ளூ ஜுரம் வந்த மூன்றாம் நாளை நினைத்துப் பாருங்கள். சாப்பாடு கசக்கிறது, அது சரி, நாக்கின் குற்றம். பேரன் வந்து மடியில் ஏறினாலும் கசக்கிறதே, அது எதன் குற்றம்? கிருமியோடு சண்டை போடுவதற்காக உடம்பு சுரக்கும் பொருள்கள் மூளையையும் போய்த் தட்டுகின்றன. சுருண்டு படு, யாரோடும் பேசாதே என்று உத்தரவு போடுகின்றன. கல்லீரலில் வைரஸ் தொற்று உள்ளவர்களுக்கு அந்தப் பொருள்களில் ஒன்றான இன்டர்பெரான் என்பதை ஊசியாகப் போட்டு வைத்தியம் செய்துவந்தார்கள். போட்டுக்கொண்டவர்களில் கணிசமானவர்கள் ஆழ்ந்த சோர்வில் விழுந்தார்கள். சிலருக்கு நேர்மாறாக மனம் எகிறியது. நான் 'என் மனநிலை' என்று சொந்தம் கொண்டாடுவதில் ஒரு பங்கு என் உடம்பின் காவல்படைக்குச் சேர்ந்தது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

டென்மார்க் சின்ன தேசம். அங்கே 1968 முதல் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. எந்த ஆஸ்பத்திரியில் எதற்குப் படுத்தாலும் அந்த எண்ணின் பேரில் பதிவாகிவிடும். நம் வீட்டு மளிகைக் கணக்கைவிட ஒழுங்கான கணக்கு. 1945க்கும் 1996க்கும் இடையில் பிறந்த 35 லட்சத்து 60 ஆயிரம் பேரின் பதிவுகளை அலசி 2013ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொற்றுநோய்க்காக ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தவர்களுக்குப் பிற்பாடு மனநிலை நோய்கள் வருவது மற்றவர்களைவிட 62 சதவிகிதம் அதிகமாக இருந்தது. மனநிலை நோய்கள் என்றால் இருதுருவ நோயும் தனிச் சோர்வு நோயும் சேர்ந்தது. உடம்பின் காவல்படை உடம்பையே தாக்கும் வியாதிகள் சில உண்டு, சிலவகை மூட்டு வாதம் போல. அவை உள்ளவர்களுக்கு 45 சதவிகிதம் அதிகம். இரண்டும் ஒருவருக்கே நேர்ந்தால் 2.35 மடங்கு.

மரபணு ஆராய்ச்சியும் வேறு வழியாக இதே வாசலுக்கு வந்து சேர்ந்தது. 41,000க்கு மேற்பட்ட இருதுருவ நோயாளிகளையும் 3,70,000க்கு மேற்பட்ட மற்றவர்களையும் ஒப்பிட்டு, நோயோடு தொடர்புள்ள 64 இடங்களை 2021ல் குறித்தார்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. உப்புக் கல் அளவு. அந்த இடங்களில் ஒன்று, ஆறாவது குரோமோசோமில் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் நெருக்கமாகக் குடியிருக்கும் தெரு. சிறுநீரகம் மாற்றும்போது டாக்டர்கள் பொருத்தம் பார்க்கிறார்களே, அது இந்தத் தெருவுக்குத்தான் பார்க்கிறார்கள். இந்த நோய்க்குப் பங்காளியான மனச்சிதைவு நோயில் இந்தத் தெரு இன்னும் பலமாகத் தென்படுகிறது. அங்கே குடியிருக்கும் சி4 என்ற மரபணு என்ன செய்கிறது என்று 2016ல் கண்டார்கள். கிருமியின்மேல் 'இதை அழிக்கலாம்' என்று அடையாளம் குத்துவது அதன் வேலை. வளரும் மூளையில் வேண்டாத இணைப்புகளைக் கத்தரிப்பதற்கும் அதே அடையாளம்தான் பயன்படுகிறதாம். அது மிஞ்சிப் போனால் வேண்டிய இணைப்பும் போய்விடலாம்.

ஆக, கதை இப்படி இருக்கலாம். ஒரு வீட்டுக் காவல்காரன் கொஞ்சம் முன்கோபி, அது மரபணு. அவன் பாட்டுக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு ராத்திரி திருடன் வருகிறான், அது தொற்று. திருடனை அடிக்கிற வேகத்தில் காவல்காரன் கூடத்துப் பாத்திரங்களையும் உடைத்துவிடுகிறான். திருடன் மட்டும் வந்தாலோ காவல்காரன் மட்டும் முன்கோபியாக இருந்தாலோ இவ்வளவு சேதம் வந்திராது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனுக்கு இந்த நோய் வந்தால், மற்றவனுக்கும் வருவது ஏறக்குறையப் பாதிக்குப் பாதிதான். மரபணு அத்தனையும் ஒன்றாக இருந்தும் மீதிப் பாதி தப்பித்துக்கொள்கிறது என்றால், வெளியிலிருந்து ஏதோ வந்து கை கொடுக்கத்தான் வேண்டும். அந்த ஏதோவில் தொற்றும் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள்.

கலிபோர்னியாவின் வடபகுதியில் 1959 முதல் 1966 வரை கருவுற்ற தாய்மார்களைப் பதிவு செய்து, பிறந்த பிள்ளைகளை வெகுகாலம் தொடர்ந்து வந்தார்கள். கர்ப்ப காலத்தில் ஃப்ளூ ஜுரம் கண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு இருதுருவ நோய் ஏறத்தாழ நாலு மடங்கு அதிகமாக வந்ததாக அதிலிருந்து 2013ல் ஒரு கட்டுரை வந்தது. எல்லா ஆராய்ச்சியும் இதையே சொல்லவில்லை என்பதையும் படித்தேன். படித்துவிட்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு கும்பகோணம் போனேன்.

கூடத்தில் உட்கார்ந்து சொன்னேன். "அக்கா, நீங்க திட்டினதுல வரலை. கிரகணத்துல வரலை. படையல்ல வரலை. இது உடம்போட விஷயம். மரபணு கொஞ்சம், எப்பவோ வந்த தொற்று கொஞ்சம், அதுவும் இருக்கலாம்னுதான் சொல்றாங்க." டென்மார்க்கைச் சொன்னேன். உற்சாகத்தில் கலிபோர்னியாவையும் சொல்லிவிட்டேன். 'இருக்கலாம்' என்ற சொல்லை நாலு தடவையாவது சொல்லியிருப்பேன்.

அக்கா வெகு நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அஞ்சாம் மாசம் எனக்கு ஏழு நாள் ஜுரம் வந்தது, தம்பி. மழையில நனைஞ்சுக்கிட்டே தங்கச்சி வளைகாப்புக்குப் போனேன். அம்மா போகாதேன்னு சொன்னாங்க. அப்படின்னா அது என்னாலதானே?"

நான் என்ன செய்துவிட்டேன் பாருங்கள். கிரகணத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஜுரத்தைக் கொடுத்திருக்கிறேன். கிரகணத்தை அரை மனசோடுதான் நம்பியிருந்தாள். பூசாரி ஒருவர் பரிகாரமும் சொல்லியிருந்தார். என்னுடைய கிரகணத்துக்குப் பரிகாரம் கிடையாது. அதற்கு டென்மார்க்கின் சாட்சி வேறு இருக்கிறது.

திரும்பி வருகிற ரயிலில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். காரணம் தெரிந்துவிட்டால் பழி தானாகக் கழன்று போகும் என்று நினைத்தேனே, அது எங்கே தவறிற்று? சரித்திரத்தில் இதே தவறு முன்பும் நடந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் ஒருவகை நோயாளிகள் நிறைந்து கிடந்தார்கள். தன்னைச் சக்கரவர்த்தி என்பார்கள், கோடிகளை வாரி வழங்குவார்கள், பிறகு கைகால் விழுந்து சில வருஷங்களில் செத்துப் போவார்கள். நம் பையனின் கடிகாரத் தானத்தை அங்கே கொண்டுபோய் வைத்தால் பொருந்தியிருக்கும். அதிக வேலை, குடி, துக்கம் என்று டாக்டர்கள் காரணம் சொன்னார்கள். கிட்டத்தட்ட என் மூன்று நாவல்கள். 1913ல் நியூயார்க்கில் நோகுச்சி என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் மூர் என்பவரும் இறந்தவர்களின் மூளையில் மேகநோய்க் கிருமியை நேரில் கண்டார்கள். வியன்னாவில் வாக்னர் யாரெக் என்ற டாக்டர் 1917ல் ஒன்பது நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியா ஜுரத்தை ஏற்றி, ஒரு தொற்றைக் கொண்டு இன்னொரு தொற்றை அடக்கப் பார்த்தார். பலருக்குக் குணம் தெரிந்தது, 1927ல் நோபல் பரிசும் கிடைத்தது. அப்புறம் 1940களில் பெனிசிலின் வந்து அந்த வார்டுகளையே காலி செய்துவிட்டது. எப்பேர்ப்பட்ட வெற்றி! ஆனால் கிருமி கிடைத்ததும் குடும்பங்கள் நிம்மதியாக மூச்சு விட்டனவா என்றால், இல்லை. துக்கத்தால் வந்தது என்றிருந்தவரை மனைவி அனுதாபப்பட்டாள். கிருமி என்று தெரிந்ததும், 'யாரிடம் போய் வாங்கி வந்தாய்?' என்ற கேள்வி பிறந்தது. பழி வேறு தோள் தேடிப் போயிற்று, அவ்வளவுதான்.

இதற்காக, காரணத்தைத் தேடாமல் இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தேடியதால்தான் வார்டு காலியாயிற்று. என் சங்கடம் வேறு. காரணம் என்பதையும் காரணகர்த்தா என்பதையும் நம் மனசு பிரித்துப் பார்க்க மாட்டேன் என்கிறது. நம் ஜனங்கள் பில்லி சூனியத்துக்குச் செய்வினை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இலக்கண வாத்தியார் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததும் செய்வினைதான்: எழுவாய் வேண்டும், செய்தவன் ஒருவன் வேண்டும். முன்ஜன்மத்தில் செய்தது என்றாலும் பரவாயில்லை, யாராவது செய்திருக்க வேண்டும். யாரும் செய்யாமலே ஒன்று நடந்தது என்றால் நமக்குப் பயமாக இருக்கிறது. தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வது அந்தப் பயத்தைவிடத் தேவலை என்று அக்காவைப் போன்றவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஆனால் அதே தமிழில்தான் அக்கா "எனக்கு ஜுரம் வந்தது" என்றாள். அந்த வாக்கியத்தை வாத்தியாரிடம் கொண்டு போங்கள். எழுவாய் எது? ஜுரம். வந்தது யார்? ஜுரம். அக்கா அது வந்து இறங்கின இடம், அவ்வளவுதான். தூக்கம் வருகிறது, அழுகை வருகிறது, கோபம் வருகிறது என்றெல்லாம் பேசுகிற பாஷை நம்முடையது. வந்ததற்கும் செய்ததற்கும் உள்ள வித்தியாசம் நம் பாட்டிமார் நாக்கிலேயே இருந்திருக்கிறது. அந்தப் பையன் கடிகாரம் வாங்கினதுகூடப் பாதி வந்தது, பாதிதான் செய்தது. எந்தப் பாதி எது என்று கோடு கிழிக்க என்னால் முடியவில்லை. மருந்து சாப்பிடுவது மட்டும் முழுக்க அவன் செய்வது. பன்னிரண்டு வருஷமாக விடாமல் செய்கிறான். அதற்கு யாரும் பாராட்டுக் கடிதம் எழுதவில்லை.

முன்கோபிக் காவல்காரனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நோய் எதிர்ப்பு மரபணுக்கள் மனிதருக்கு மனிதர் இவ்வளவு வேறுபடுவதற்கே காரணம், காலம் காலமாக வந்த கொள்ளைநோய்கள்தான் என்பது விஞ்ஞானிகளின் பொதுவான கருத்து. ஒரு நோய்க்கு ஒருவகைக் காவல்காரன் பிழைக்க வைப்பான். இன்னொன்றுக்கு வேறு வகை. 'அந்த வழி ரத்தம்' என்று கல்யாண வீட்டில் முணுமுணுக்கிறார்களே, அந்த ரத்தம்தான் ஏதோ ஒரு தலைமுறையில் ஏதோ ஒரு பேதியிலோ வைசூரியிலோ ஒருவரைப் பிழைக்க வைத்திருக்கவும் கூடும். அப்படிப் பிழைத்தவரின் பேத்தியைத்தானே தேடிப் போய்ப் பெண் எடுத்தார்கள்!

ஐப்பசியில் மறுபடி போனேன். இந்தத் தடவை உற்சாகத்தையெல்லாம் ஊரிலேயே வைத்துவிட்டுப் போனேன். பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டைகளை வாங்கித் தரையில் நூறு எண்ணி வைத்தேன்.

"அக்கா, இது நூறு அம்மாக்கள். ஜுரமே வராதவங்க. இவங்க பிள்ளைகள்ல ஒண்ணுக்கு இந்த நோய் வருது." ஒன்றைத் தள்ளி வைத்தேன். "இப்ப இவங்க எல்லாருக்கும் ஜுரம் வந்ததுன்னு வச்சுக்குங்க. கலிபோர்னியாக் கணக்கு அப்படியே நிஜம்னாலும் நாலு பிள்ளைக்குத்தான் வருது. தொண்ணூத்தாறு பேர் மழையில நனைஞ்சாங்க, ஜுரத்துல படுத்தாங்க, ஒண்ணும் ஆகலை. டென்மார்க்லயும் நோய் வந்தவங்கள்ல மூணுல ரெண்டு பங்குப் பேர் தொற்றுக்காக ஆஸ்பத்திரி வாசலையே மிதிச்சதில்லை."

அக்கா தொண்ணூற்றாறைப் பார்க்கவில்லை. நான் தள்ளி வைத்த நாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நாலுல ஒண்ணுதானே என் பிள்ளை?"

"இந்த நாலுல ஒண்ணு ஜுரம் வராமலே இருந்திருந்தாலும் வந்திருக்கும், அக்கா. அது எதுன்னு டென்மார்க்காரனாலயும் சொல்ல முடியாது, உங்களாலயும் சொல்ல முடியாது. முப்பத்தஞ்சு லட்சம் பேரை வச்சுப் போட்ட கணக்கு இது. ஒரு ஆளைக் காட்டி, இவனுக்கு இதனாலன்னு சொல்ல இந்தக் கணக்குல இடமே இல்லை."

அவள் ஒரு கொட்டையை எடுத்து விரலில் உருட்டினாள். சமாதானம் ஆனாளா என்று எனக்குத் தெரியாது. படையலைப் பற்றி அன்று பேசவில்லை; மழையைப் பற்றி ஒரு தடவை பேசினாள். தங்கச்சி வளைகாப்பில் என்ன சாதமெல்லாம் போட்டார்கள் என்பதைக்கூடச் சொன்னாள்.

அப்போதுதான் பையன் உள்ளே வந்தான். பையன் என்ன, முப்பத்துமூன்று வயது; ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறான். அவன் சாப்பிடுகிற லித்தியம் ஓர் உப்பு. 1949ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர், வெறி கண்ட நோயாளிகளின் சிறுநீரில் ஏதோ விஷம் இருக்க வேண்டும் என்ற தப்பான யூகத்தோடு தேடப் போய்த் தற்செயலாகக் கண்ட மருந்து. கேட்டின் காரணம் தப்பு, மருந்து சரி. அளவு கூடினால் விஷமாகிவிடும் என்பதால் சில மாசத்துக்கு ஒரு தடவை ரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

"மாமா, நாளைக்கு ரத்தம் எடுக்கணும்" என்றான். "காலை மாத்திரை போடறதுக்கு முன்னாடி எடுக்கணும், ஏழு மணிக்கே போனாத்தான் கூட்டம் இருக்காது. அம்மாவால அவ்வளவு நேரம் நிக்க முடியறதில்லை. நீங்க வர்றீங்களா?"

வருகிறேன் என்றேன். அக்கா புளியங்கொட்டைகளை டப்பாவில் அள்ளிப் போட்டுவிட்டு, காலையில் எங்களுக்குக் காபி போட்டுத் தர எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று கேட்டாள்.